ஒரு வழி, இரண்டு ஏடுகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதை தேரைப் பாடியிருக்கிறது. யானையையும் குதிரையையும் பாடியிருக்கிறது. உப்பு வண்டியையும் நாவாயையும் பாடியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு நம் தெருவுக்குக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளுக்கு அந்த வரிசையில் உரிய இடம் இன்னும் அமையவில்லை எனலாம். இத்தனைக்கும் அது எளிய ஊர்தி. இரண்டு சக்கரம், ஓர் எஞ்சின், ஓர் இருக்கை. அந்த இருக்கையில் இடம் இருவருக்கு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் 128ஆம் பிரிவில், ஓட்டுபவரோடு மற்றும் ஒருவரையே ஏற்றலாம் என்றும், அவர் ஓட்டுபவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் அமர வேண்டும் என்றும் விதிக்கிறது. சட்டம் விபத்தைக் கருதி வகுத்த விதி அது. இலக்கியம் பயில்வோர் அதில் வேறொரு பொருளையும் காணலாம். பேருந்தில் கூட்டம் செல்லும். காரில் குடும்பம் செல்லும். மோட்டார் சைக்கிளிலோ ஒருவர் செல்வார், அல்லது இருவர் செல்வர். நெடுவழிக்குத் துணையென ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இந்த ஊர்திக்கு உண்டு.

அவ்வாறு செல்லும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாது. முன்னிருப்பவரின் கண் சாலையை விட்டு அகலக் கூடாது. குழியும் மணலும் எதிரே வரும் லாரியும் அவருடைய கவனம் முழுவதையும் கேட்கின்றன. பின்னிருப்பவருக்கு முன்னவரின் முதுகு நேர்ப்பார்வையை மறைத்துவிடுகிறது; சாலையின் இரு மருங்குமே அவருக்குக் காட்சி. வயல், வரப்பு, தேநீர்க் கடை, கடை வாயிலில் நிற்பவர் முகம் ஆகியவற்றை அவரே காண்கிறார். ஆகவே ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒரே வழியில் சென்ற இருவர் கண்டவை வேறு வேறு. அப்பயணத்தை ஒருவர் மட்டும் எழுதினால், அது எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும், பாதிப் பயணமே எழுதப்பட்டதாகும். நண்பர் இருவர் சென்ற வழிக்கு இரண்டு ஏடுகள் வேண்டும் என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து. இதற்குத் தமிழ் மரபிலேயே சான்று உண்டு. அச்சான்றின் ஒரு பகுதி திருவள்ளூர் வட்டாரத்து மண்ணிலேயே நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

செலவும் ஆற்றுப்படையும்

சங்கத் தமிழில் ‘செலவு’ என்ற சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். தலைவன் பிரிந்து செல்ல எண்ணிப் பின்பு தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று துறை வகுத்தனர். பயணத்தை இவ்வளவு நுட்பமாக எண்ணிய மரபு, வழிச் செல்வோருக்கென்றே ஓர் இலக்கிய வகையையும் படைத்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பது அனைவரும் அறிந்ததே. அவற்றுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டில் உப்பு வணிகரின் வண்டி வரிசை வருகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் வருகின்றன. சுங்கம் கொள்ளும் பெருவழியும் அதைக் காக்கும் வீரரும் வருகின்றனர். தொண்டை நாட்டு நெடுஞ்சாலையின் பழைய படம் அது.

ஆற்றுப்படையின் அமைப்பில் ஒரு செய்தி கருதத்தக்கது. வழியில் இருவர் எதிர்ப்படுகின்றனர். ஒருவர் வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீள்பவர். மற்றவர் வறுமையோடு வழி தேடிச் செல்பவர். பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்கிறார். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எந்த நிலத்தில் எவ்வாறு நடக்க வேண்டும், வள்ளல் எவ்வாறு வரவேற்பான் என்பன எல்லாம் விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஆயினும் பாட்டு முழுவதும் பேசுபவர் ஒருவரே. கேட்டு நிற்பவர் வாய் திறப்பதில்லை. அவர் அவ்வழியே சென்றாரா, சொன்ன விருந்து அவருக்குக் கிடைத்ததா, கால் வலித்ததா, மனம் சலித்ததா என்று பாட்டு சொல்வதில்லை. அதைச் சொல்வது அப்புலவரின் நோக்கமும் இல்லை. வள்ளலின் புகழே அங்குப் பாடுபொருள். எனினும் இருவர் நின்ற இடத்தில் ஒருவர் குரலே ஏட்டில் ஏறியது என்பது உண்மை.

தம்பிரான் தோழரும் சேரமானும்

இந்தக் குறையைப் பின்வந்த மரபு ஒன்று நிறைவு செய்கிறது. பெரியபுராணம் கூறும் சுந்தரர் வரலாற்றில் அதைக் காணலாம். பக்திக் கண்ணால் காண்போருக்கு அது பக்தி வரலாறு. பயணத்தைக் கருதுவோருக்கு அது தமிழின் பெரிய பயண வரலாறுகளுள் ஒன்று.

சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்பது பெயர். அவர் நெறி தோழமை நெறி. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது அவ்வூரைப் பிரிவதில்லை என்று வாக்களித்தார். திருவாரூர் நினைவு மேலிட, வாக்கை மீறிப் புறப்பட்டார். ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் ஒளி இழந்தன. திருமுல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் வந்தபோது இறைவன் அவருக்கு ஊன்றுகோல் ஒன்று தந்தான் என்பது வரலாறு. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பின்பு கிடைத்தன. திருவெண்பாக்கம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியைச் சார்ந்தது. 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் சென்றது. கோயில் பூண்டியில் மீண்டும் எழுப்பப்பட்டது. கண்ணில்லாதவனுக்கு வழியில் தோழன் தந்தது கோல் ஒன்றே. அந்த ஊர் இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது.

அதே சுந்தரருக்கு மண்ணுலகில் வாய்த்த தோழர் சேரமான் பெருமாள். இருவரும் பாண்டி நாட்டுத் தலங்களுக்கு உடன் சென்றனர். இறுதிப் பயணமும் இருவருக்கும் ஒன்றாகவே அமைந்தது. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலைக்குப் புறப்பட்டார். செய்தி அறிந்த சேரமான் குதிரைமீது ஏறி, அதன் செவியில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் எழுந்து, யானையை அணுகி, நண்பரை வலம் வந்து, முன்னே சென்றது. வழியில் முன்னே சென்ற சேரமான் கயிலை வாயிலில் தடுக்கப்பட்டார். அழைக்கப்பட்டவர் சுந்தரர் மட்டுமே. உள்ளே சென்ற சுந்தரர் வேண்டிய பின்னரே தோழருக்கு அனுமதி கிடைத்தது. அழையாமல் வந்தது ஏன் என்ற வினாவுக்குச் சேரமான் அளித்த விடையோடு ஒரு நூலும் அரங்கேறியது. அதுவே திருக்கயிலாய ஞான உலா. உலா இலக்கியங்களுள் முதலாவது என்பதால் ஆதியுலா என்றும் வழங்குவர்.

கவிஞர்கள் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். அப்பயணத்தைப் பற்றிச் சுந்தரரும் ஒரு பதிகம் பாடினார். நொடித்தான்மலைப் பதிகம் எனப்படும் அப்பாடல், தமக்கு யானை தந்து அழைத்துக்கொண்ட பேற்றை நினைந்து நினைந்து உருகுகிறது. சேரமானின் உலாவிலோ வேறு காட்சி. இறைவன் வீதியில் எழுந்தருள, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்டிர் தெருவில் நின்று அவனைக் கண்டு நெகிழ்வது அங்குப் பொருள். அழைக்கப்பட்டவர் தம் பேற்றைப் பாடினார். அழைக்கப்படாமல் உடன் சென்றவர் வீதியோரத்தில் நின்றவர்களைப் பாடினார். இரண்டும் ஒரே பயணத்தின் பாடல்கள். இரண்டில் ஒன்று இல்லையெனினும் தமிழுக்கு இழப்பே. ஒரு பாடல் திருவஞ்சைக்களத்திலும் மற்றொன்று திருப்பிடவூரிலும் மண்ணுக்கு வந்தன என்று மரபு சொல்கிறது. ஒரு வழிக்கு இரண்டு ஏடுகள் என்ற கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

சுந்தரர் கண்ணிழந்து புறப்பட்ட அதே திருவொற்றியூரிலிருந்து, ஓராயிரம் ஆண்டுகளுக்கும் பின்பு, வேறொரு பயணம் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. எல்லைக் காவலுக்கென இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமெனக் கேட்டதே அதற்கு உடனடிக் காரணம். தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அவை பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே உருவாயின. இங்கிலாந்தில் 1970ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. 1977இல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கற்பித்தவன் கைவிட்ட தொழிலைக் கற்றவன் காத்துக் கற்பித்தவனுக்கே திருப்பித் தந்த வரலாறு இது. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்தபோது திருவொற்றியூர் அதற்குள் இருந்தது. 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது.

அத்தொழிற்சாலையின் சிறப்புகளுள் ஒன்று கவிஞர்களுக்கு உவப்பானது. புல்லட் வண்டியின் பெட்ரோல் டாங்கின்மீது ஓடும் பொன்னிறக் கோட்டைச் சகோதரர் இருவர் தூரிகை கொண்டு கையாலேயே தீட்டிவந்தனர். அளவுகோல் வைப்பதில்லை. ஒரே மூச்சில் வளைவு தவறாமல் இழுத்த கோடு அது. இமயத்தின் பனிக் கணவாய்களிலும் ஐரோப்பியச் சாலைகளிலும் அந்தக் கோடு சென்றிருக்கிறது. ஏறிச் சென்றவர்கள் பயண நூல் எழுதியிருக்கின்றனர். கோடு தீட்டிய கையின் ஏடு எழுதப்பட்டதா என்பது, இவ்வுரையின் பிற்பகுதியில் எழ இருக்கும் வினாவோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பிற நாட்டு நண்பர்கள்

மோட்டார் சைக்கிளில் நெடுவழி சென்ற நண்பர்களுள் உலகம் நன்கறிந்தவர் இருவர். ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர் எர்னெஸ்டோ குவேரா. பின்னாளில் சே என்று அறியப்பட்டவர். மற்றவர் அவரினும் ஆறு வயது மூத்த உயிர்வேதியியலார் ஆல்பர்ட்டோ கிரானடோ. 1952 ஜனவரியில், 1939ஆம் ஆண்டு மாடல் நார்ட்டன் 500 சி.சி. வண்டியில் அர்ஜென்டினாவிலிருந்து புறப்பட்டனர். வண்டிக்கு ‘வலிமை மிக்கவள்’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் சூட்டினர். பெயருக்கேற்ற வலிமை அதற்கு இல்லை. பலமுறை விழுந்து, கம்பியால் கட்டப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் சிலி நாட்டில் அடியோடு ஓய்ந்தது. எஞ்சிய வழியை அவர்கள் லாரியிலும் கப்பலிலும் தெப்பத்திலும் கால்நடையாகவும் கடந்தனர். சிலியின் பாலைநிலத்தில், சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்துக்குச் செல்லும் வழியில், வேலை தேடி அலைந்த ஏழைத் தொழிலாளி ஒருவரையும் அவர் மனைவியையும் குளிரில் சந்தித்தனர். பெரு நாட்டின் அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பில் தங்கிப் பணி செய்தனர். 1952 ஜூலையில் வெனிசுலாவின் கரக்காஸ் நகரில் பிரிந்தனர். கிரானடோ அங்கேயே தொழுநோய் மருத்துவமனையில் பணியேற்றார்; குவேரா படிப்பை முடிக்க நாடு திரும்பினார்.

வண்டி ஓய்ந்த பின்பே பயணம் ஆழ்ந்தது என்பது இதில் முதற்பாடம். வண்டி ஓடியவரை அவர்கள் சாலையைக் கண்டனர். வண்டி நின்ற பின்பு சாலையோரத்து மனிதரைக் கண்டனர். இரண்டாவது பாடம் நம் கருத்துக்கு நேராகப் பொருந்துவது. இப்பயணத்துக்கு இரண்டு ஏடுகள் உள்ளன. கிரானடோவின் நாட்குறிப்பு 1978இல் வெளிவந்தது. குவேரா தம் குறிப்புகளைப் பயணத்துக்குப் பின் எடுத்து மீண்டும் எழுதிய நூல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரே, 1990களின் தொடக்கத்தில் அச்சேறியது. 2004இல் வந்த திரைப்படம் இரண்டு நூல்களையும் அடிப்படையாகக் கொண்டது. 1967இல் பொலிவியாவில் குவேரா கொல்லப்பட்டார். கிரானடோ 1961இல் கியூபாவுக்குக் குடிபெயர்ந்து, மருத்துவக் கல்விக்குப் பணியாற்றி, 2011இல் 88ஆம் வயதில் மறைந்தார். உடன் சென்ற ஒருவர் உயிரோடிருந்து தம் ஏட்டையும் முன்வைத்ததால், புகழ் பெற்றவரின் இளமை வெறும் சிலையாகிவிடாமல் காக்கப்பட்டது.

ஓர் ஏடு மட்டும் எஞ்சிய பயணங்களும் உண்டு. 1934 டிசம்பர் 11 அன்று லண்டனிலிருந்து தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் தோழியர் இருவர் புறப்பட்டனர். 600 சி.சி. பேந்தர் வண்டி, பக்கவாட்டில் இணைத்த இருக்கைப் பெட்டி, பின்னால் இழுவை வண்டி ஆகியவற்றோடு சகாராப் பாலையைக் கடந்து, ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்காக ஊடறுத்து, 1935 ஜூலை 29இல் கேப்டவுன் சேர்ந்தனர். பெண்கள் வண்டி ஓட்டுவதே வியப்பாகக் கருதப்பட்ட காலம் அது. வாலக் எழுதிய நூல் அவர் மறைந்த பின்பு 2001இல் வெளிவந்தது. அப்பயணத்தை உலகம் இன்று பெரிதும் வாலக்கின் கண்ணாலேயே காண்கிறது.

அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக் 1968இல் தம் மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா சென்றார். வழியின் ஒரு பகுதி வரை நண்பர் தம்பதியர் மற்றொரு வண்டியில் உடன் வந்தனர். 1974இல் வெளிவந்த பிர்சிக்கின் நூல், வண்டியைப் பழுது பார்த்தல் என்னும் செயலை வைத்துப் பெரியதொரு தத்துவ விசாரத்தை எழுப்புகிறது. தம் வண்டியைத் தாமே பழுது பார்க்க விரும்பாத நண்பர் அந்நூலில் விமர்சனத்துக்கு உள்ளாகிறார். அவர் பக்கத்து நியாயம் அந்நூலில் அவர் சொல்லாக இடம்பெறவில்லை. பின்னிருக்கையில் பல நாள் அமர்ந்து வந்த சிறுவன் கண்டது என்ன என்பதும் தந்தையின் வாய்மொழியாகவே கிடைக்கிறது. நூல் பெரிது, ஆயினும் ஆற்றுப்படையைப் போல அங்கும் பேசுபவர் ஒருவரே.

மூன்றாவது வகை ஒன்று தமிழில் உண்டு. தி. ஜானகிராமனும் சிட்டி எனப்பட்ட பெ. கோ. சுந்தரராஜனும் காவிரியின் வழியே குடகு முதல் பூம்புகார் வரை மேற்கொண்ட பயணம், ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற நூலாக 1971இல் வெளிவந்தது. அவர்கள் சென்றது மோட்டார் சைக்கிளில் அன்று. எனினும் நண்பர் இருவர் பயணத்துக்கு அந்நூலே தமிழில் தலைசிறந்த சான்று. இருவர் பெயரும் அட்டையில் உள்ளன. உள்ளே குரல் ஒன்றாகக் கலந்திருக்கிறது. நட்பின் நிறைவு என்று அதைப் போற்றலாம். எந்தக் கண் எதைக் கண்டது என்று பிரித்தறிய முடியாமை அந்த நிறைவுக்குத் தரப்பட்ட விலை.

கவிதை தனிக்குரல் கலை அன்றோ, அதில் இரண்டு ஏடு எதற்கு என்று கேட்கப்படலாம். சுந்தரரும் சேரமானும் கூட்டாகப் பாடவில்லை என்பதே அதற்கு விடை. ஒவ்வொருவரும் தம் குரலிலேயே பாடினர். ஒருவர் பாடியதால் மற்றவர் வாய் மூடவில்லை என்பதே அங்குச் சிறப்பு.

கும்மிடிப்பூண்டிச் சாலை

இனி, திருவள்ளூர் மாவட்டத்தின் சொந்தச் சாலைக்கு வரலாம். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை முன்பு 5ஆம் எண் பெற்றிருந்தது. 2010இல் மாற்றப்பட்ட வரிசைப்படி இன்று அது 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தங்க நாற்கரத்தின் ஒரு பக்கமாகிய அது, 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் எனச் சென்று ஆந்திர எல்லையைத் தொடுகிறது. சத்திரம் என்ற சொல்லைத் தாங்கிய ஊர்ப்பெயர், வழிநடையாளர் இளைப்பாறிய காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படை கூறிய சுங்கப் பெருவழிக்கு இன்றைய நேர்படி எளாவூர்ச் சோதனைச் சாவடி எனலாம். மிளகுப் பொதிக்கு மாறாக இரும்புக் கம்பியும் கன்டெய்னரும் செல்கின்றன.

மோட்டார் சைக்கிளில் இமயம் செல்லும் இளைஞர் இருவருக்குப் பயணம் ஆண்டுக்கு ஒருமுறை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் இருவருக்கு அது நாள்தோறும். சுற்றுக் கிராமத்திலிருந்து ஒரே வண்டியில் இருவர் ஷிப்டுக்கு வருவதை அச்சாலையில் எவரும் காணலாம். பெட்ரோல் காசைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வர். இரவுப் பணி முடிந்து திரும்புகையில் ஓட்டுபவர் உறங்கிவிடாதிருக்கப் பின்னிருப்பவர் பேசிக்கொண்டே வருவார். அந்தப் பேச்சு வழித்துணையின் கடமை. உயிர் காக்கும் பேச்சு. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்றால், ஆண்டில் முந்நூறு பணிநாளில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆகும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் சென்று மீள்வதைவிட அது நெடிது. நெடுந்தொலைவுப் பயணிகள் என்று அவர்களை எவரும் அழைப்பதில்லை. படம் எடுத்துக் கொடி அசைத்து அனுப்புவதும் இல்லை.

அப்பயணத்தின் ஆபத்தும் சிறிதன்று. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களைப் பிரித்துக் காட்டும்போது, ஓட்டியவர் 35,692 என்றும் பின்னிருந்தவர் 14,337 என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம் என்பதே சட்டம். ஆயினும் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு தலைக்கவசமே. அதை ஓட்டுபவரே அணிகிறார். பின்னிருப்பவர் மனைவியாகவோ தாயாகவோ நண்பராகவோ இருக்கிறார். ஏட்டில் பின்னிருக்கைக்கு இடமில்லாமையும் தலைக்கவசத்தில் பின்னிருக்கைக்குப் பங்கில்லாமையும் ஒரே மறதியின் இரு விளைவுகள்.

அச்சாலையின் மற்றொரு பயணம் 2020இல் நிகழ்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்தில் பணிபுரிந்த வடமாநிலத் தொழிலாளர் பலர் இந்நெடுஞ்சாலை வழியாகவே ஒடிசாவையும் பீகாரையும் நோக்கி நடந்தும் சைக்கிளிலும் புறப்பட்டனர். தனியே சென்றவர் சிலர். இருவராகவும் சிறு குழுவாகவும் சென்றவர் பலர். அதே ஏப்ரல் மாதத்தில், இச்சாலையின் மேல் வடக்கே உள்ள நெல்லூரை நோக்கி, தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்துப் போதன் ஊரிலிருந்து பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஸ்கூட்டரில் தனியே புறப்பட்டார். அங்குச் சிக்கிக்கொண்ட மகனை அழைத்துவருவது நோக்கம். காவல் துறையின் அனுமதிக் கடிதத்தோடு சென்று, மகனைப் பின்னிருக்கையில் ஏற்றித் திரும்பினார். மூன்று நாளில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். செய்தித்தாள்கள் தாயின் துணிவைப் போற்றின. அது போற்றத்தக்கதே. இரவில் ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் தாயின் முதுகைப் பார்த்தபடியே எழுநூறு கிலோமீட்டர் வந்த மகனுக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும்.

செய்யத்தக்கது

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று பயணத்தைக் குறித்துச் செய்யத்தக்க பணி இவற்றிலிருந்து புலனாகும். பயண இலக்கியம் என்றால் தொலைநாடு சென்று வந்தவரின் நூல் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பதால் வந்த எண்ணம் அது. ஒன்பதாயிரம் கிலோமீட்டரைத் தவணை முறையில் கடப்பவரும் பயணியே என்பது ஏற்கப்பட்டால், திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் எழுதப்படாத பயண நூல்கள் பல உள.

வட்டத்தின் கூட்டங்களில் பயணக் கவிதையோ கட்டுரையோ வாசிக்கப்படும்போது, உடன் சென்றவர் யார் என்று கேட்பது வழக்கமாக வேண்டும். அவர் எழுத வல்லவராயின், அவரும் எழுதி, இரண்டும் அடுத்தடுத்து அச்சேறுதல் நலம். இரண்டும் முரண்பட்டால் அம்முரணைத் திருத்தாமல் விடுவது இன்னும் நலம். எழுதும் பழக்கமில்லாதவராயின், அவர் சொல்லக் கேட்டு எழுதுவது கவிஞரின் கடமை. அவ்வாறு எழுதும்போது சொன்னவரின் சொல்லே நிற்க வேண்டும். எழுதுபவரின் அணி அதன்மேல் ஏறக் கூடாது. டாங்கின்மீது கோடு தீட்டிய கைக்கும், உருக்காலை இரவுப் பணியிலிருந்து திரும்பும் இருவருக்கும், ஒடிய மொழியிலும் இந்தியிலும் ஊர்ப் பாட்டு முணுமுணுக்கும் விடுதித் தொழிலாளருக்கும் இது பொருந்தும். மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளரைத் துணை கொள்ளலாம்.

பெண் கவிஞர்களுக்கு இதில் தனிப் பொறுப்பும் தனி உரிமையும் உண்டு. தமிழ்நாட்டுச் சாலைகளில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் நெடுங்காலம் அமர்ந்து சென்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. குழந்தையை நடுவில் அணைத்து, சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் ஒரு கையால் பிடித்து, மறு கையில் பை ஏந்தி, அவர்கள் கண்ட சாலையோரம் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இன்று முன்னிருக்கையில் அமர்ந்து தாமே ஓட்டிச் செல்லும் பெண்கள் எங்கும் உளர். அவர்கள் பின்னால் அமர்ந்து வரும் தாயும் தோழியும் மகளும் கண்டதும் ஏட்டில் ஏற வேண்டும்.

அடுத்த ஆண்டு மலருக்கு வட்டம் படைப்புகள் வேண்டும்போது, ‘இருவர் சென்ற வழி’ என ஒரு பகுதியை ஒதுக்கலாம். அதில் ஒரு பயணத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் ஓட்டியவருக்கு, வலப்பக்கம் பின்னிருந்தவருக்கு. இருவரில் ஒருவர் எழுதித் தராவிடில் அப்பக்கம் வெற்றாகவே அச்சாகட்டும். மலரைப் புரட்டும் வாசகர் எவர் எழுதவில்லை என்பதை அந்த வெற்றுத் தாளிலிருந்தே அறிந்துகொள்வார்.